வீட்டுக்கு ஒரு மார்க் ஷீட்

கம்பெனி உங்களை ஆறு மாசம் இங்கிலாந்துக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெடிங்கோ, கிராய்டனோ. போனதும் முதல் வேலை வாடகைக்கு வீடு தேடுவது. நம் ஆள் வழக்கப்படி ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பக்கத்தில் கறிவேப்பிலை கிடைக்குமா, ஓனர் தொல்லை உண்டா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு அட்வான்ஸை நீட்டிவிடுவார். அங்கே நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. வீடு என்ன கிரேடு?

சிரிக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை விற்க வேண்டும், வாடகைக்கு விட வேண்டும் என்றால் முதலில் அதைப் பரீட்சைக்கு உட்கார வைக்க வேண்டும். எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் சர்ட்டிபிகேட், சுருக்கமாக இ.பி.சி. 2007 ஆகஸ்டில் நாலு பெட்ரூம் வீடுகளை விற்பவர்களிடம் ஆரம்பித்தார்கள். 2008 அக்டோபரில் வாடகை வீடுகளும் மாட்டிக்கொண்டன. பச்சையில் ஆரம்பித்துச் சிவப்பில் முடியும் ஏழு பட்டை, 'ஏ' முதல் 'ஜி' வரை. 92 மார்க்கும் அதற்கு மேலும் 'ஏ'. 20-ஐத் தாண்டாதது 'ஜி'.

எதற்கு இந்த வம்பு? ஜூலை மாசத்தில் போய்ப் பார்த்தால் எல்லா வீடும் அழகுதான். ஜன்னலில் வெயில், தொட்டியில் ரோஜா. ஜனவரியில்தான் சுயரூபம் தெரியும். விக்டோரியா மகாராணி காலத்து வீடுகளில் பலவற்றுக்குச் சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், அவ்வளவுதான். நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் கட்டும் வழக்கம் 1920-களுக்குப் பிறகுதான் பரவலானது. ஒற்றைச் சுவர், ஒற்றைக் கண்ணாடி, கூரைக்கடியில் வெறும் பரண் என்றால் நீங்கள் பாய்லரை ஓட்டித் தெருவுக்கு உஷ்ணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். விஷமம் என்னவென்றால், சுவர் ஓனருடையது, கேஸ் பில் உங்களுடையது. சுவரில் நீங்கள் கைவைக்க முடியாது. பில்லைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. எந்த ஓனர்தான் தானாக முன்வந்து பரணில் கம்பளி விரிப்பார்?

மார்க் போட ஒரு எக்ஸாமினர் வருவார். எல்.ஐ.சி. பாலிசிக்கு டாக்டர் பார்ப்பது மாதிரிதான், அதிகம் குத்தமாட்டார், குடையமாட்டார். டேப்பால் அறைகளை அளப்பார். பாய்லர் என்ன மாடல், ரேடியேட்டரில் திருகு இருக்கிறதா, ஜன்னலில் கண்ணாடி ஒன்றா இரண்டா, பல்பு என்ன ரகம் என்று குறித்துக்கொள்வார். டார்ச் அடித்துப் பரணில் தலையை நீட்டி, விரித்திருக்கும் கம்பளியின் கனத்தைப் பார்ப்பார். 270 மில்லிமீட்டர் இருந்தால் சிலாக்கியம். பரணுக்குப் பூட்டு, சாவி ஓனரின் மச்சினரிடம் என்றால் அவர் காத்திருக்கமாட்டார். கட்டின காலத்தை வைத்து ஒரு அனுமானம் போட்டுவிடுவார். சுவருக்குள் பஞ்சு அடைத்த ரசீதைத் தொலைத்தவருக்கும் பெரும்பாலும் அதே கதிதான். விற்பவர்கள் கவனிக்க.

உங்கள் பில்லை மட்டும் அவர் கேட்பதே இல்லை. ஹாலை 21 டிகிரியிலும் மற்ற அறைகளை 18-லும் வைத்துக்கொண்டு ஒழுங்காக வாழும் ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கம்ப்யூட்டர் மனசில் வைத்துக் கணக்குப் போடுகிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி வந்தவர் 25-க்குக் குறைத்தால் குல்லாவைக் கழற்றமாட்டார். ஆகவே சர்ட்டிபிகேட்டில் போட்ட செலவும் உங்கள் செலவும் ஒத்துப்போகவில்லை என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இன்னொரு சூட்சுமம். 2007-ல் ஆரம்பித்த இந்த மார்க், எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதற்கு அல்ல, அதற்கு எவ்வளவு காசு ஆகிறது என்பதற்கு. அங்கே ஒரு யூனிட் கரெண்டு, ஒரு யூனிட் கேஸைவிடப் பல மடங்கு விலை. அதனால் சுவரில் மாட்டும் எலெக்ட்ரிக் ஹீட்டர் உள்ள ஃப்ளாட், கேஸ் பாய்லர் உள்ள அதே அளவு ஃப்ளாட்டைவிடக் குறைவாக வாங்கும். இது சரியில்லை என்ற புகார் ரொம்ப நாளாக உண்டு. முறையை மாற்றும் யோசனைகளை அரசாங்கமே 2024 டிசம்பரில் வெளியிட்டது. என்னைக் கேட்டால், வாடகை தருகிறவனுக்குக் காசுக் கணக்குதான் புரியும்.

பத்து வருஷம் வெறும் மார்க் ஷீட்டாகவே இருந்தது. 'ஜி' வாங்கிய வீடு 'ஜி'யை மாட்டிக்கொண்டே வாடகைக்குப் போனது. 2018 ஏப்ரலில்தான் பல் முளைத்தது. புதிதாகக் குடிவைப்பதென்றால் குறைந்தது 'ஈ', அதாவது 39 மார்க் வேண்டும். 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வீட்டுக்கும் அதே சட்டம். மீறினால் வீட்டுக்கு 5,000 பவுண்ட் வரை அபராதம். சட்டம் என்று ஒன்று இருந்தால் சந்தும் இருக்க வேண்டுமே? 3,500 பவுண்டுக்குள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தும் வீடு தேறவில்லை என்றால், ஓனர் ஐந்து வருஷத்துக்கு விலக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அரியர்ஸோடு அடுத்த செமஸ்டருக்குப் போவது மாதிரி.

வீடு தேடுகிறவருக்கு ஒரு சௌகரியம், இந்த மார்க் ஷீட் ரகசியம் இல்லை. விலாசத்தைத் தட்டினால் அரசாங்கப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம், ஏஜென்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே. முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு சர்ட்டிபிகேட் பத்து வருஷம் செல்லும். அதற்குள் பாய்லரும் மாறியிருக்கலாம், ஜன்னலும் மாறியிருக்கலாம். அடுத்து, என்னென்ன செய்தால் எத்தனை மார்க் ஏறும் என்ற பட்டியல். பேரம் பேச நல்ல ஆயுதம்.

இப்போதைய கிரேடுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எழுத்து போட்டிருக்கும். சொன்னதையெல்லாம் செய்தால் வரக்கூடிய கிரேடு. ஏஜென்ட் அதன்மேல்தான் விரலை வைத்துக் காட்டுவார். பையன் மட்டும் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்நேரம் கலெக்டர், சார்.