சிறுநீரகம் கெட்ட பூனைக்குத் தயிர்சாதமா?



முதலிலேயே டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு நாகர்கோவிலிலிருந்து கிளம்பி, வங்கி மாற்றல் போட்ட ஊருக்கெல்லாம் மூட்டை கட்டி, இப்போது நகரியில் குப்பை கொட்டுகிறவன். கூடவே தங்கமணி, பையன், 13 வயதுப் பூனை ஒன்று. பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த நோய்க்கு நம்மவர்கள் வைக்கும் பத்தியம் பெரும்பாலும் தலைகீழ் என்பது என் கட்சி.

"கிட்னி போச்சா? கறி மீனை நிறுத்துங்க, தயிர்சாதம் பிசைஞ்சு போடுங்க." இதைச் சொல்லாத ஆள் இல்லை. மனுஷனுக்குச் சொன்ன பத்தியத்தைப் பூனைக்குப் போட்டால் எப்படி? பூனை மாமிசம் தின்றே ஆக வேண்டிய ஜீவன். டாரின் என்கிற சத்து அதற்கு உணவிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். புரதம் போதாவிட்டால் தன் சதையையே கரைத்துக்கொள்ளும். பால் ஊற்றினால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு. ஏற்கெனவே நீர் நிற்காத உடம்பு அது!

குறைக்க வேண்டியது முக்கியமாகப் பாஸ்பரஸை. கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. கருவாடு, முள்ளோடு நெத்திலி, முட்டை மஞ்சள் கரு, பால், எல்லாவற்றிலும் அது உண்டு. கருவாட்டில் உப்பு வேறு. வேகவைத்த முட்டை வெள்ளைக் கருவில் நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு (அதை மட்டுமே போட்டு வளர்க்க முடியாது, அது வேறு விஷயம்). கடைகளில் கிடைக்கும் சிறுநீரக உணவும் இதே கணக்கில்தான் தயாராகிறது.

அது வேலை செய்கிறதா? 2000-இல் லண்டனில் வெளியான ஆய்வில் அந்த உணவு தின்ற பூனைகள் நடுமதிப்பாக 633 நாள் வாழ்ந்தன, தின்னாதவை 264 நாள். கணக்குப் பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரும்: அந்த உணவைத் தொட மறுத்த பூனைகளும் இரண்டாவது கோஷ்டியில் இருந்தன, அதாவது குலுக்கிப்போட்டுப் பிரிக்கவில்லை. 2006-இல் அமெரிக்காவில் 45 பூனைகளைக் குலுக்கிப் பிரித்து இரண்டு வருஷம் பார்த்தார்கள். சிறுநீரக உணவு தின்றவற்றில் ஒன்றுகூட அந்த நோயால் சாகவில்லை. எனக்கு அது போதும்.

ஆனால் பூனை தின்னாவிட்டால்? "பசிச்சா தானா தின்னும்" என்பது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிருக்கு உலை வைக்கும். அதனால் சரியான உணவைவிட, ஏதோ ஒன்றைத் தின்பது முக்கியம். புது உணவைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். வாந்தி எடுக்கிற நாளில் ஆரம்பிக்கவே வேண்டாம். அந்த வாசனையே பிறகு ஆகாமல் போய்விடும். கடைசிவரை மறுத்தால், வழக்கமான ஈர உணவோடு பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் மருந்தை டாக்டர் சொன்ன அளவில் கலந்து கொடுக்கலாம்.

தட்டை முகர்ந்து, உதட்டை நக்கி, திரும்பிப் போகிறதா? தங்கமணி அதை "கொழுப்பு" என்பார் :-) அது குமட்டல். முதலில் குமட்டலுக்கு மருந்து, பிறகுதான் பசிக்கு.

அடுத்து மலச்சிக்கல். சிறுநீரகம் விட்ட நீரை ஈடுகட்ட உடம்பு குடலிலிருந்து உறிஞ்சிவிடும், மலம் கல்லாகிவிடும். நகரி வெயிலில் கேட்கவே வேண்டாம். உலர் உணவில் ஈரம் 10 சதம், ஈர உணவில் 75-க்கு மேல். தண்ணீர்க் கிண்ணத்தை நாலு இடத்தில் வைக்கலாம். தோலுக்கடியில் சலைன் ஏற்ற டாக்டரே கற்றுத்தருவார். மெடிக்கல் ஷாப்பில் மனுஷர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவை மட்டும் தொடாதீர்கள், பூனையைக் கொன்றுவிடும். பாரசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான்.

கிரியேட்டினின் ஏறட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தவணை 90 நாள் தாண்டி நின்ற பிறகுதான் நாங்கள் வாராக்கடன் என்று எழுதுகிறோம். கிரியேட்டினினும் ஏறக்குறைய முக்கால் சிறுநீரகம் போன பிறகுதான் எல்லை தாண்டும். ஏழெட்டு வயதானாலே வருஷம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு 1955 முதல் இருக்கும் திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரி, சென்னை போகிறவர்களுக்கு வேப்பேரி. பக்கத்து புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுவார்கள். சிறுநீரகத்துக்குக் கட்டு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் நாமே செய்யக்கூடியது எடை பார்ப்பது. வாரம் ஒருமுறை, ஒரே தராசில். எங்கள் வீட்டுப் பூனை இந்த ஞாயிறு 3.4 கிலோ. போன ஞாயிறும் அதே 3.4.