வளர்ந்த பிள்ளையோடு பத்து நிமிடம்



எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய தமிழ் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். 'உரைப்பத்தியைப் படித்து விடையளிக்க' என்ற பகுதியில் நல்ல மதிப்பெண்ணே இருக்கும். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதினால் போதுமே! இப்போது வினாத்தாளை மூடிவைத்துவிட்டு, "அதுல என்னப்பா சொல்லியிருந்துச்சு?" என்று கேளுங்கள். பல பிள்ளைகளுக்குப் பேச்சு வராது.

இதைச் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். 2024ஆம் ஆண்டின் 'அசர்' (ASER) என்ற கல்வி ஆய்வில், இந்தியக் கிராமப்புறங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினரால்தான் இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தியை வாசிக்க முடிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை 'சென்றுகொண்டிருந்தவர்களுக்கும்' என்ற ஒரு சொல்லைக் கடப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. பிறகு அறிவியல் எங்கே புரியும், வரலாறு எங்கே புரியும்?

அதற்காகப் பதின்மூன்று வயதுப் பையன் கையில் நரிக்கதையைத் திணிக்காதீர்கள். தங்கையின் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் அவன் கூசிப்போவான். நேற்றைய கிரிக்கெட் ஆட்டம், புயல் எச்சரிக்கை, பைக் எஞ்சின் என்று அவன் வயதுக்கேற்ற செய்தியாக ஐந்தாறு வரி போதும். முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு அவன் வாசிக்கட்டும். தடுமாறினால் இன்னொரு முறை. உறவினர்கள் முன்னால் மட்டும் வேண்டாம்.

வாசிப்பு ஓரளவு சரளமானதும் பொருளைப் பிடிக்கப் பழக்கலாம். அமெரிக்காவில் பாலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள், வாசிக்கத் தெரிந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு முறையைச் சோதித்து 1984இல் வெளியிட்டார்கள். படித்ததைச் சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து கேள்வி கேட்பது, புரியாத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய நான்கையும் முதலில் ஆசிரியர் செய்து காட்டினார். பின்னர் மாணவர்களே முறைவைத்து ஆசிரியராக இருந்தார்கள். அவர்களுடைய புரிதல் நன்றாகவே உயர்ந்தது.

இந்த நான்கில், வீட்டில் தொடங்க ஏற்றது கேள்வி கேட்பதுதான் என்பேன். பிள்ளை கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். நல்ல கேள்வி கேட்க வேண்டுமானால் பத்தியை மறுபடி படித்தே ஆகவேண்டும். அதை யாரும் சொல்லாமலே அவன் செய்வான்.

இந்த இதழிலிருந்தே ஒரு பத்தியை எடுத்து இன்றிரவு தொடங்குங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவற்றுக்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்