புதைகுழி வியாபாரம்

உயிரோடிருக்கின்ற மனிதன் ஒரு சாமானின் விலை அதிகமென்று கண்டால், வேண்டாமென்று சொல்லி வீட்டுக்குத் திரும்பி விடலாம். அரிசி விலை ஏறினால் கேழ்வரகுக் கூழ் குடிக்கலாம். துணி விலை ஏறினால் கிழிசலைத் தைத்துக் கட்டிக் கொள்ளலாம். ஆனால் வீட்டில் ஒரு பிணம் கிடக்கும்போது, "குழியின் விலை அதிகமாயிருக்கின்றது, அடுத்த மாதம் பார்த்துக் கொள்ளலாம்" என்று எவனாலாவது சொல்ல முடியுமா? அழுது கொண்டிருப்பவனிடம் பேரம் பேசினால் அவன் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இந்தச் சமயம் பார்த்து விலை கேட்பவன் வியாபாரியாயிருந்தால் அவனைக் கொள்ளைக்காரன் என்கின்றோம். புரோகிதனாயிருந்தால் பிணந்தின்னி என்கின்றோம். கேட்பது ஜனங்களின் ஓட்டினால் ஏற்பட்டு, ஜனங்களின் வரிப்பணத்தால் நடக்கின்ற முனிசிபாலிடியாயிருந்தால் அதற்கு என்ன பேர் வைப்பது?

இங்கிலாந்து தேசத்தில் இன்று நடப்பது இதுதான். அங்கே முனிசிபாலிடிகளின் இடுகாட்டில் ஒருவரைப் புதைப்பதற்கு முதலாவது, குழியின் உரிமைக்கு ஒரு கட்டணம். அந்த உரிமையும் சாசுவதமல்ல. சில ஊர்களில் 50 வருஷம், சில ஊர்களில் 75 வருஷம், எங்கேயும் ஒரே தடவையில் 100 வருஷத்திற்கு மேல் கொடுப்பதற்கில்லை. இரண்டாவது, குழி தோண்டிப் புதைப்பதற்கு ஒரு கட்டணம். மூன்றாவது, பேர் வெட்டிய கல் நட வேண்டுமானால் அதற்கு அனுமதிக் கட்டணம். செத்தவர் அந்த ஊர் எல்லைக்குள் குடியிருந்தவரல்லவென்றால் பல ஊர்களில் கட்டணம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். லண்டன் நகரத்துப் பேட்டைகள் பலவற்றில் இவையெல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான பவுனாகின்றன. பெட்டி, வண்டி, ஆள் கூலி எல்லாம் இதற்குப் புறம்பு.

அந்த நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்று வருஷந்தோறும் எடுத்து வரும் கணக்கின்படி, ஒரு சாதாரணச் சாவுச் செலவு 2004ல் சராசரி 1835 பவுனாயிருந்தது. 2024ல் வெளிவந்த கணக்கில் அது 4141 பவுன். இது எரிப்பதையும் புதைப்பதையும் சேர்த்துப் போட்ட சராசரி. புதைப்பது மட்டுமானால் இதற்கும் மேல்.

சட்டம் என்ன சொல்லுகின்றதென்று கேட்கலாம். 1972ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின்படி முனிசிபாலிடிகளுக்கு இடுகாடு வைத்து நடத்த அதிகாரம் உண்டு. வைத்துத்தான் ஆகவேண்டுமென்ற கடமை இல்லை. 1977ம் வருஷத்து உத்தரவின்படி தாங்கள் தக்கதென்று நினைக்கும் கட்டணத்தை வாங்கிக் கொள்ளலாம். கட்டண அட்டவணையை ஜனங்கள் பார்க்கும்படி வைக்க வேண்டுமென்பது ஒன்றுதான் ஜனங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. அதாவது, அறுக்கப்படுகின்றவன் கத்தியைப் பார்த்துக் கொள்ளலாம் என்பதாகும்.

இந்த இடுகாடுகள் எதற்காக ஏற்பட்டன என்பதைக் கவனித்தால்தான் இதன் அக்கிரமம் விளங்கும். முன்காலத்தில் பிணத்தைப் புதைப்பது பாதிரியின் ஏகபோகமாயிருந்தது. கோயில் முற்றத்தில்தான் குழி. குழிக்கு விலை அவருக்கு. பட்டணங்கள் பெருகினவுடன் அந்த முற்றங்கள் பிணத்தின்மேல் பிணமாய் நிரம்பி நாறின. பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். 1833ல் கென்ஸல் கிரீன், 1839ல் ஹைகேட் என்று பங்குதாரர்களுக்காக இடுகாடுகள் திறந்தார்கள். 1854 முதல் லண்டனிலிருந்து புரூக்வுட் இடுகாட்டிற்கு ஒரு கம்பெனி பிண ரயிலே ஓட்டிற்று. அதில் பிணத்திற்கும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு! இங்கிலீஷ் சர்ச்சுப் பிணத்திற்கு ஒரு பக்கம், மற்றப் பிணத்திற்கு வேறு பக்கம்! செத்த பிறகும் ஜாதி போகாது என்பது நம் நாட்டுச் சரக்கு மாத்திரமென்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் ஏழையின் கதி என்னவென்பதை 1843ல் எட்வின் சாட்விக் என்பவர் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில் விவரித்திருக்கின்றார். அடக்கத்திற்குப் பணம் சேரும்வரை, குடும்பம் முழுவதும் உண்டு உறங்கும் ஒரே அறையில் பிணத்தைப் பல நாள் வைத்திருந்தார்கள். இந்த அவலம் ஒழிய வேண்டுமென்றுதான் 1852லும் அடுத்த வருஷத்திலும் சட்டங்கள் செய்து பொது இடுகாடுகளை ஏற்படுத்தினார்கள். அப்போதுகூடப் பாதிரிகள் விடவில்லை. இடுகாடு பொதுஜனங்களுடையதானாலும், மந்திரிக்கப்பட்ட பாகத்தில் விழும் பிணத்திற்குத் தங்கள் பழைய கட்டணம் வரவேண்டுமென்று சட்டத்திலேயே எழுதிக் கொண்டார்கள். 1900ம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கட்டணம் ஒழியத் தொடங்கிற்று. ஆகவே, பாதிரியிடமிருந்தும் கம்பெனியிடமிருந்தும் ஏழைப் பிணத்தை மீட்பதற்காக ஏற்பட்ட முனிசிபாலிடி, இன்று அவர்கள் இரண்டு பேருடைய கல்லாப் பெட்டியிலும் தானே உட்கார்ந்து கொண்டிருக்கின்றது.

"ஏழைக்குச் சர்க்கார் உதவி இல்லையா?" என்பார்கள். உண்டு. அதன் யோக்கியதையையும் பார்ப்போம். 1942ல் பெவரிட்ஜ் தமது அறிக்கையில், சாவுச் செலவு எல்லாக் குடும்பத்திற்கும் வருவதானதால் எல்லாருக்கும் பொதுவாக உதவி கொடுக்க வேண்டுமென்றார். அதன்படி 1949 முதல் 20 பவுன் கொடுத்தார்கள். 1967ல் 30 பவுனாக்கினார்கள். அதன் பிறகு விலைவாசி எவ்வளவோ ஏறியும் அது 30 பவுனாகவே கிடந்தது. 1987ல் அதையும் எடுத்து விட்டார்கள். இப்போது குறிப்பிட்ட சில உதவிப் பணங்களை வாங்கி ஜீவிக்கும் பரம ஏழைகளுக்கு மட்டும், இடுகாட்டுக் கட்டணமும் மற்றச் செலவுகளுக்கு 1000 பவுன் வரையிலும் கிடைக்கின்றது. இந்த 1000 என்பது 2003 முதல் 2020 வரை 700ஆகவே இருந்தது. கூலி வேலை செய்து, கையேந்தாமல் காலந்தள்ளும் தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. கையேந்தாமலிருந்ததற்கு அவனுக்குக் கிடைக்கும் தண்டனை கடன் சீட்டு.

"அப்படியானால் எரித்து விடுவதுதானே?" என்பது அடுத்த சமாதானம். எரிப்பதை நாம் ஆட்சேபிப்பவர்களல்ல. 1884ல் வில்லியம் பிரைஸ் என்கின்ற வைத்தியர் வேல்ஸ் தேசத்தில் தமது குழந்தையின் பிணத்தை எரிக்கப் போனபோது, ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், வழக்கும் போட்டார்கள், எரிப்பது குற்றமல்லவென்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அந்த நாட்டில் இன்று நூற்றுக்கு 75க்கு மேற்பட்ட பிணங்கள் எரிக்கப்படுகின்றன. ஆனால் எரிப்பதும் அங்கே இலவசமல்ல. அதற்கும் பல நூறு பவுன் கட்டணம். அன்றியும் முஸ்லிம்களும் யூதர்களில் பெரும்பாலாரும் புதைத்தே தீரவேண்டுமென்பவர்கள். அந்த நம்பிக்கை சரியா தப்பா என்பது வேறு விவாதம். அதை உயிரோடிருக்கின்றவர்களிடம் மேடை போட்டுப் பேச வேண்டுமே தவிர, பிணத்தை முன்னால் போட்டுக்கொண்டு அழுகின்றவனிடம் கட்டண ரசீது நீட்டிப் பேசுவது பகுத்தறிவாகாது.

"நிலம் ஏது?" என்பது மூன்றாவது சமாதானம். நிலம் போதாமைக்குக் காரணம் ஏழைப் பிணமல்ல. ஒரு தடவை புதைத்த குழியை மறுபடியும் தொடக்கூடாதென்கின்ற வைராக்கியமேயாகும். லண்டன் நகரத்திலேயே 2007ம் வருஷத்துச் சட்டம் 75 வருஷத்திற்கு மேற்பட்ட பழைய குழிகளை மறுபடியும் உபயோகிக்க வழி செய்திருக்கின்றது. அதனால் வானம் இடிந்து விழுந்து விடவில்லை.

வேறு தேசங்களில் எப்படியென்று பார்த்தால் உண்மை இன்னும் நன்றாய் விளங்கும். ஸ்விட்ஸர்லாந்தில் 1874ம் வருஷத்து அரசியல் சட்டம் இடுகாடுகளை மதத்தார் கையிலிருந்து பிடுங்கி ஊராட்சியின் கையில் கொடுத்து, செத்தவர் ஒவ்வொருவரும் கண்ணியமாய் அடக்கம் செய்யப்பட வேண்டியது அதன் கடமையென்று எழுதிற்று. இன்றும் சூரிச் நகரவாசி ஒருவர் இறந்தால் சாதாரணப் பெட்டி, வண்டி, எரிப்பு, வரிசைக் குழி எல்லாம் நகரத்தின் செலவு. 20 வருஷம் கழித்து அந்தக் குழி வேறொருவருக்கு உதவுகின்றது. ஸ்வீடனில் வருமானமுள்ள ஒவ்வொருவரும் வருமானத்திற்குத் தக்கபடி ஒரு சிறு பங்கை வரியோடு சேர்த்துச் செலுத்தி விடுகின்றார்கள். செத்தால் 25 வருஷத்திற்குக் குழி நிச்சயம். இந்தத் தேசங்கள் இதனால் பாப்பராகி விட்டனவா?

இங்கிலாந்திலேயே இதற்கு வழியும் காட்டியாய் விட்டது. காரோலின் ஹாரிஸ் என்கின்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1989ல் தமது 8 வயது மகனைப் பறிகொடுத்து, அடக்கச் செலவுக்குக் கடன்பட்டவர். அவர் விடாமல் போராடியதன் பலனாக 2017ல் வேல்ஸிலும், 2019ல் இங்கிலாந்திலும் 18 வயதிற்குட்பட்டவர்களின் அடக்கத்திற்குக் கட்டணமில்லை என்றாயிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் பணம் கேட்பது வெட்கக்கேடு என்றால், தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் கேட்பது மாத்திரம் எப்படி நியாயமாகும்? 17 வயதில் செத்தால் பொதுக்கடமை, 18 வயதில் செத்தால் வியாபாரம் என்பதற்கு என்ன ஆதாரம்?

தோழர்களே! நாம் கேட்பது தர்மமல்ல. சாக்கடை கழுவுவதும் அம்மை குத்துவதும் எப்படிப் பொதுக்காரியமோ, அப்படியே பிணத்தை அடக்கம் செய்வதும் பொதுக்காரியம். நாறும் பிணத்தால் வருகின்ற கேடு பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். அதன் செலவை, உயிரோடு சம்பாதிக்கும் காலத்தில் அவரவர் சக்திக்குத் தக்கபடி வரியாய் வாங்கட்டும். செத்த அன்றைக்குக் கையை நீட்ட வேண்டாம். பளிங்குக் கல்லும் மேடையும் வேண்டுகின்றவர் தம் பணத்தில் கட்டிக் கொள்ளட்டும். ஆனால் ஆறடிக் குழி ஒன்று மனிதனாய்ப் பிறந்த எல்லாருக்கும், விலையின்றி, வகுப்பின்றி, வெளியூர் உள்ளூர் வித்தியாசமின்றிக் கிடைக்க வேண்டும்.

சாவில் எல்லாரும் சமம் என்று பாதிரியும் பண்டாரமும் காலமெல்லாம் பிரசங்கம் செய்கின்றார்கள். அந்தச் சமத்துவத்தைக் கட்டண அட்டவணையில் காட்டாத நிர்வாகம், அது எந்தத் தேசத்தில் இருந்தாலும், பொது நிர்வாகம் என்கின்ற பேருக்கு அருகதையற்றது என்றே சொல்லுவோம்.