கருவியும் கையும்: மங்கும் விளக்குக்கு மருந்து



பழைய மோட்டார் காரைப் போற்றி வைத்திருப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். நம் சங்க அங்கத்தினர் சிலரது இல்லத்திலோ அது தந்தையார் விட்டுச்சென்ற உடைமையாகும். விற்கவும் மனம் வராது, இரவில் ஓட்டவும் துணிவு வராது. அத்தகைய அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்திருந்தார். அவரிடம் இருப்பது 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார். வலப்புற முன்விளக்கு மங்கி எரிகிறது. வலப்பக்கம் திரும்புவதற்கான சைகை விளக்கைப் போட்டால், முன்விளக்கும் அதனோடு சேர்ந்து கண் சிமிட்டுகிறது. பட்டறையொன்றில் காட்டியபோது, வயர் முழுவதையும் மாற்றவேண்டும் என்று சொல்லி, அன்பரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு நிகரான தொகையைக் கேட்டனராம். “விற்றுவிடலாமா?” என்பது கடிதத்தின் கடைசி வரி.

வேண்டா என்று நாம் விடை எழுதினோம். காரணத்தை இங்கே விரித்துரைப்பது மற்றையோருக்கும் பயன்படும்.

எம்.ஜி.பி. கார் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. இதன் மின்சார உறுப்புகளைச் செய்தளித்தது பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் கம்பெனி. அக்கம்பெனிக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று வேடிக்கைப் பெயர் சூட்டி நகைப்பவர் உளர். நாம் அவ்வாறு நகைக்க மாட்டோம். அறுபது ஆண்டு மழையிலும் வெயிலிலும் கிடந்த இணைப்புகள் துருப்பிடித்தால், செய்தவனை நொந்து பயன் என்ன?

நிற்க. காரின் மின்சாரம் பாட்டரியிலிருந்து கம்பி வழியாக விளக்குக்குச் செல்கிறது. திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பாட்டரி வரை கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் பாதை. இதனையே எர்த் என்பர். போகும் வழி எவ்வளவு செம்மையாயினும், திரும்பும் வழியில் துரு இருந்தால் விளக்கு மங்கும். நம் இரயில்வேயிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. தண்டவாளத்தையே மின்கம்பியாகக் கொண்டு, வண்டி நிற்பதைச் சிக்னலுக்கு அறிவிக்கும் சுற்று அது. தண்டவாளத்தின் தலையில் துரு படிந்திருந்தால், வண்டி நின்றும் அச்சுற்று அதனை உணராமற் போகக்கூடும். சக்கரத்திலும் பிழையில்லை, சிக்னலிலும் பிழையில்லை. இடையிலுள்ள துருவே பிழை.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 12 வோல்ட்டில் 50 வாட் விளக்கு ஏறக்குறைய 4 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். எர்த் இணைப்பில் அரை ஓம் தடை புகுந்தால் ஏறக்குறைய 2 வோல்ட் அங்கேயே வீணாகும். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தாலும் ஒளி அதைவிடப் பன்மடங்கு குறையும். பாதியை நோக்கிச் சரியும். சைகை விளக்கும் அதே எர்த்தைப் பங்கிட்டுக் கொண்டால், அது எரியும்போதெல்லாம் கெட்ட இணைப்பில் இன்னும் சற்று வோல்ட் வீணாகி, முன்விளக்கு கண் சிமிட்டும். அன்பர் கண்ட நோய் இதுவே. இரண்டு விளக்குகள் ஒன்றையொன்று பாதித்தால், அவை பங்கிடும் எர்த்தை முதலில் ஐயுறுக.

இனிச் சோதிக்கும் முறை. கடையில் எளிதில் கிடைக்கும் மீட்டர் ஒன்று போதும்.

முதலாவது, பாட்டரி. இந்தக் காரில் இருக்கைகளுக்குப் பின்னால் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பர். என்ஜின் ஓய்ந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்து 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12-ஐ ஒட்டி நின்றால் பாட்டரி பெரும்பாலும் காலியாகிவிட்டது என்று கொள்க. இரண்டையும் இணைக்கும் கம்பியின் முனைகளையும் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் துடைத்தெடுங்கள்.

இரண்டாவது, எர்த். விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை விளக்கின் கறுப்புக் கம்பியிலும், மற்றொன்றைச் சுரண்டித் துலக்கிய உடலிரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் குற்றமில்லை. நம் அன்பருக்கு அது 2 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. முன்புறத்துக் கறுப்புக் கம்பிகள் கூடும் குப்பி போன்ற இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வாஸ்லின் தடவி மீண்டும் பொருத்தினார். விளக்கு முன்போல் ஒளிர்ந்தது. செலவு உப்புத்தாளுக்கும் வாஸ்லினுக்கும் மட்டுமே.

மூன்றாவது, கம்பிகளின் நிறம். பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து பியூஸ் இன்றி நேரே வருவது, வெள்ளை, சாவி திருப்பியதும் உயிர் பெறுவது, பச்சை, அதுவே பியூஸைக் கடந்து வருவது, ஊதா, பியூஸ் கடந்தும் எப்போதும் உயிருள்ளது, கறுப்பு, எர்த். இவ்வைந்தையும் மனனம் செய்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

இப்போது எச்சரிக்கை. கடிதம் எழுதிய அன்பரின் காரில் பியூஸுக்குப் பதிலாக எவரோ சிகரெட்டுத் தாளைச் சுற்றி வைத்திருந்தனர். மங்கிய விளக்கைவிட இதுவே நம்மைத் திடுக்கிடச் செய்தது. பியூஸ் என்பது காவலன். அவன் வீழ்ந்தால் காரணத்தைத் தேடவேண்டுமே அன்றி, காவலனையே கட்டிப்போடலாகாது. மேலும் இந்தக் காரின் முன்விளக்குகளுக்குத் தொழிற்சாலையில் பியூஸே வைக்கவில்லை. பெட்ரோல் பம்புக்குச் செல்லும் வெள்ளைக் கம்பிக்கும் இல்லை. உறை தேய்ந்த கம்பி இரும்பில் உரசினால் புகையும் தீயும் எழும். தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு இச்சுற்றுகளுக்குப் பியூஸ் இடுவது குடும்பத்துடன் பயணம் செய்வோர் கடமை.

இன்னொன்று. 1967 வரையிலான எம்.ஜி.பி. கார்களில் பாட்டரியின் பாசிடிவ் முனையே உடலோடு இணைந்திருக்கும்; பின்னர் வந்தவற்றில் நெகடிவ். இடையில் வாங்கியவர் மாற்றியிருக்கவும் கூடும். பார்த்தறியாமல் இக்காலத்து ரேடியோவையோ கைப்பேசிச் சார்ஜரையோ பொருத்தினால் அது கெடும். வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, உடலோடு இணைந்த பாட்டரி முனையை முதலில் அகற்றுக. முடித்தபின் அதனைக் கடைசியில் பூட்டுக. பெட்ரோல் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாது, கதவுகளைத் திறந்து வையுங்கள்.

உறை வெடித்து உதிரும் கம்பியாயின் மாற்றத்தான் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. அளந்து பார்த்தபின் மாற்றுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.