நான்கு வருடம் நின்ற அம்பாசிடர்: எடைக்குப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பட்டறை கேள்வி-பதில்

"அய்யா, எங்களிடம் 1978 மாடல் அம்பாசிடர் பெட்ரோல் கார் இருக்கிறது. அப்பா வாங்கியது. அவர் காலமான பிறகு நான்கு வருடமாகத் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. போன மாதம் புது பேட்டரி போட்டுச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி. பார்க்க வந்த மெக்கானிக், 'என்ஜின் ஜாம். இறக்கிப் பிரிக்க 60 ஆயிரம் ஆகும்' என்கிறார். பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். அம்மா கொடுக்கக் கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?"

- ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை வட்டம்.

ஒரு 'டக்' சத்தத்தை மட்டும் வைத்து என்ஜின் ஜாம் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. பேட்டரி கம்பியின் முனையில் களிம்பு பூத்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அந்தக் களிம்பை எடுக்க ஒரு துண்டு உப்புத்தாள் போதும். என்ஜினைப் பிரிக்க நீங்கள் சொன்ன 60 ஆயிரம் வேண்டும். இரண்டில் எது என்று தெரியாமல் பிரிக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது 1,489 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜின். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. என்ஜின் சுற்ற வேண்டும், பிளக்கில் பொறி வர வேண்டும், பெட்ரோல் வர வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அநேகமாக ஓடிவிடும். எனவே வரிசையாகப் பாருங்கள். ஒன்று சரி என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

பானட்டுக்குள் கை விடும் முன்

தோட்டத்துக் கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பும் இருக்கலாம். டார்ச் அடித்து, குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு இருக்கிறதா, வயர்களைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோல் உரிந்த வயர் இருந்தால் அதை மாற்றும்வரை பேட்டரியை இணைக்கக் கூடாது.

1. என்ஜின் சுற்றுகிறதா?

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். வயர்கள் மாறிப் போகாமல் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணி ஒட்டுங்கள். இந்த என்ஜினில் பொறி வரும் வரிசை 1-3-4-2. வயர் மாறினால் புதிதாக ஒரு கோளாறை நீங்களே உண்டாக்கியதாகிவிடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு வண்டியைச் சமதளத்தில் டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் அசைந்தால் என்ஜின் சுற்றுகிறது என்று அர்த்தம். ஜாம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அசையாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். அதன் பிறகும் அசையவில்லை என்றால்தான் பிரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சக்கரமே உருளவில்லை என்றால், கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் உருளாவிட்டால் பிடித்திருப்பது பிரேக். அதை முதலில் விடுவிக்க வேண்டும்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது நம் ஊர்களில் வழக்கம். நெடுநாள் நின்ற வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் இழுத்த இழுப்பில் உடையும். ஆயில் ஊற்றிப் பிழைக்க வேண்டிய என்ஜின் அதோடு போய்விடும்.

2. செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகிறதா?

12 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருந்தால் மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குத் தெம்பில்லை. புது பேட்டரியாக இருந்தாலும் கடையில் பல மாதம் நின்றது சார்ஜ் இல்லாமல் இருக்கலாம்.

பேட்டரி சரி என்றால் இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து இறுக்குங்கள். அடுத்து எர்த் பட்டை. என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒரு பட்டைக் கம்பி கட்டாயம் இருக்கும். அது துருப்பிடித்தால் 'டக்' சத்தம் மட்டுமே மிஞ்சும். சோதிக்கச் சுலபமான வழி: பாடியோடு இணைந்த பேட்டரி முனையிலிருந்து ஒரு ஜம்பர் கேபிளை நேராக என்ஜின் இரும்பில் பிடியுங்கள். உடனே செல்ஃப் சுற்றினால் கோளாறு அந்தப் பட்டையில்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒருமுறை என் வண்டிக்கு பேட்டரி, செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனேன். கடைசியில் பெயின்ட் அடித்தவர் எர்த் பட்டையின் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்திருந்தார். கழற்றிச் சுரண்டியதும் ஓடியது. மாற்றிய சாமான்களுக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

3. பிளக்கில் பொறி வருகிறதா?

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் முதலில் பொறியைப் பாருங்கள். கழற்றிய பிளக்குகளைத் துடைத்து மறுபடி மாட்டிவிடுங்கள். கையில் இருக்கும் பழைய பிளக் ஒன்றை ஒரு வயரில் செருகி, அதன் இரும்பு உடல் என்ஜினைத் தொடும்படி வையுங்கள். வயரைக் கையில் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் சரி.

வரவில்லையா? உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பெரும்பாலும் பாயின்ட்தான் காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் இரண்டு சிறிய பாயின்ட் முனைகள் தெரியும். அவற்றில் சாம்பல் நிறத்தில் படிந்திருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இழுத்துத் துடைத்து, பிறகு சுத்தமான காகிதத்தால் ஒருமுறை துடையுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் வைக்கலாம். மூடியின் உட்புறம் விரிசல், ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பிறகும் பொறி இல்லை என்றால் கண்டன்சர், அடுத்து காயில்.

4. பெட்ரோல் வருகிறதா?

டேங்கில் நான்கு வருடமாகக் கிடப்பது இனி பெட்ரோலே இல்லை. திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். அதன் மேல் புதிதை ஊற்றாமல் முழுதாக வடித்துவிடுங்கள். வடித்ததை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். டேங்கைச் சுத்தம் செய்யும்வரை, பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி, என்ஜினிலிருந்து தள்ளி வைத்த மூடியுள்ள கேனில் புதிய பெட்ரோல் ஊற்றி அதில் விடுங்கள். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, பிசின் போலப் படிந்ததைத் துடைத்து, ஜெட்டில் காற்று அடியுங்கள்.

ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவதுதான். ஆனால் 1978-ல் செய்த ரப்பர் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. ஊறி வெடித்து ஒழுகலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் டேங்கில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு பின்வெடிப்பு வந்தால் தீ முகத்துக்குத்தான் வரும்.

ஓடிய பிறகு

புது என்ஜின் ஆயில், ரேடியேட்டரில் தண்ணீர், கொட்டகைக் கதவு திறப்பு, நியூட்ரல், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கல். இவை முடித்துச் சோக் இழுத்து செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. ஓடியதும் ஆயில் பிரஷரைப் பாருங்கள். சில விநாடிகளில் பிரஷர் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

ஓடிய மகிழ்ச்சியில் ரோட்டுக்கு எடுத்துவிடாதீர்கள். பிரேக் சிலிண்டர்களைப் பிரித்துப் பார்த்து, பழைய பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும். ஆர்.சி. புதுப்பிப்பு, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. அப்படியே விற்பது என்று முடிவானாலும், ஓடுகிற வண்டிக்கு வண்டி விலை. ஓடாத வண்டிக்கு இரும்பு விலை. முதலில் ஆயில் ஊற்றி இரண்டு நாள் பொறுங்கள். ஃபேன் அசைகிறதா என்று பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசுங்கள்.

"டீசல் தீர்ந்து டிராக்டர் வயலில் நின்றுவிட்டது. டேங்க் நிரப்பியும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன்?"

- ஒரு வாசகி, மன்னார்குடி.

குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். டீசல் ஃபில்டர் மேலுள்ள காற்று ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்திக்கொண்டே இருங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் ஸ்குருவிலும் அதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே பிடித்துவிடும். இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்த நேர்ந்தால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டேங்கில் கால்வாசி இருக்கும்போதே நிரப்பிவிட்டால் இந்த வேலையே வராது.