முதியோர் இல்லத்தில் இருப்பவரும் நம் மஹல்லாவாசியே

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்போரைக் கடுமையாகச் சாடிப் பேசினேன். தொழுகை முடிந்ததும் பலர் கைகொடுத்துப் பாராட்டினர். அடுத்த மாதம் ஒரு ஜனாஸா தொடர்பாக ஊருக்கு வெளியே உள்ள ஓர் இல்லத்திற்குச் செல்ல நேர்ந்தது. அங்கிருந்த எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார். "ஹஜ்ரத், உங்க பயானைக் கேட்டதுலேர்ந்து என் மகன் இங்கே வர வெட்கப்படுறான். முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை தவறாம வருவான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை அதிகம் வருத்தியது.

பயானில் நான் எடுத்துரைத்த மார்க்கச் சட்டத்தில் பிழையில்லை. பெற்றோர் முதுமை அடைந்தால் அவர்களை நோக்கிச் சலிப்பின் சிறு சொல்லைக்கூடக் கூறக் கூடாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆவது வசனம் கட்டளையிடுகிறது. ஆனால் நான் பேசியது பாதிதான். சேர்ப்பது சரியா தவறா என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஏற்கெனவே அங்கே வாழ்ந்துகொண்டிருப்போரின் உள்ளம் என்ன பாடுபடுகிறது என்பதை நான் எண்ணவில்லை.

அங்கே இருப்போர் அனைவரும் கைவிடப்பட்டோர் அல்லர். பிள்ளைப்பேறு இல்லாதோர் இருக்கின்றனர். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைக்க, இங்கே தனித்துப்போன விதவைத் தாய்மார் இருக்கின்றனர். இரவும் பகலும் தாதியரின் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. நம் சமுதாயமோ, 'முஸ்லிம் குடும்பத்தில் இப்படி நடக்காது' என்று கூறிக்கொண்டு அவர்களை இல்லாதவர்களாகவே ஆக்கிவிடுகிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகையைப் பெற்றுத் தர வழிசெய்கிறது. ஆனால் அருகில் வந்து அமர்ந்து பேசும் மகனை எந்தச் சட்டத்தாலும் பெற்றுத் தர இயலாது.

இந்தத் தனிமை நோயாகவும் மாறக்கூடும். 2017-18-இல் நம் நாட்டில் நடைபெற்ற முதியோர் குறித்த தேசிய ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என மதிப்பிட்டது. ஆனால் மருத்துவரால் அது கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. காரணம் எளிது. முதியவர் 'மனம் சரியில்லை' என்று சொல்லமாட்டார். 'உடம்பு வலிக்கிறது, பசியில்லை, தூக்கமில்லை' என்பார். பேச்சைக் குறைத்துக்கொள்வார். மறதி கூடும். நாம் அதை வயதின் மீது போட்டுவிடுகிறோம். அல்லது 'ஈமான் பலவீனம், திக்ரு செய்யுங்கள்' என்று அறிவுரை கூறிவிட்டு எழுந்து வருகிறோம்.

யஃகூப் (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்ந்த நபி அவர்கள். மகனைப் பிரிந்த துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் கூறுகிறது. 'இன்னுமா யூசுஃபை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்' என்ற பொருளில் பிள்ளைகள் குறைபட்டனர். அவர்களோ தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிட்டார்கள். நபியின் துயரத்தையே ஈமானின் குறை என்று சொல்ல முடியாதபோது, ஓர் எளிய முதியவரின் கண்ணீரை அவ்வாறு சொல்ல நாம் யார்?

மருத்துவம் செய்துகொள்ளுமாறு கூறிய நபி (ஸல்) அவர்கள், முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் மருந்தை ஏற்படுத்தியிருப்பதாக அறிவித்தார்கள். மனச்சோர்வு முதுமை அன்று, அது நோய். எனவே அதற்கு மருந்து உண்டு. தைராய்டு குறைபாடு, பி12 சத்துக்குறைவு, செவித்திறன் இழப்பு ஆகியவையும் உள்ளத்தை வாட்டக்கூடும் என்பதால் மருத்துவரின் பரிசோதனை இன்றியமையாதது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

மஹல்லா செய்ய வேண்டியது என்ன? மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்கள், பார்வை இழந்த தம் முதிய தந்தையை நபியவர்களிடம் அழைத்து வந்தார்கள். பெரியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் தாமே அங்கு வந்திருப்பேனே என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். முதியோரிடம் நாம்தான் செல்ல வேண்டும். அதுவும் பெருநாளன்று பிரியாணிப் பொட்டலத்துடன் ஒருமுறை அன்று. வாரந்தோறும், குறித்த நாளில், அதே முகங்களாகச் செல்ல வேண்டும். அறையில் கிப்லாவைக் குறித்துக் கொடுங்கள். தயம்மும் செய்யவும் நாற்காலியில் தொழவும் உதவுங்கள். ரமளானில் நோன்பு நோற்கும் உடல்நிலை உடையோருக்கு ஸஹர் உணவு கிடைக்க நிர்வாகத்திடம் பேசுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களிடம் எதையாவது கேட்டுப் பெறுங்கள். பெறுவதற்கு மட்டுமே வாழும் வாழ்க்கை மனிதரைச் சோர்வடையச் செய்கிறது. எங்கள் மதரஸா மாணவர்கள் இப்போது சனிக்கிழமைகளில் அங்கே சென்று ஓதிக் காட்டுகின்றனர். பெரியவர்கள் பிழை திருத்துகின்றனர். அரபுத்தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டி சிறுமிகளுக்கு அதைக் கற்பிக்கிறார். சனிக்கிழமை காலையில் யாரும் சொல்லாமலே அவர் புதுத் துப்பட்டி அணிந்து காத்திருப்பதாக ஊழியர்கள் கூறுகின்றனர்.

அந்தப் பெரியவரின் மகனைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மீண்டும் வரத் தொடங்கினார். சில வாரங்கள் தவறுகின்றன. பெரியவர் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை உட்கொள்கிறார். சில நாள்களில் இன்னமும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். அப்போது மாணவர்களும் அருகில் பேசாமல் அமர்ந்துகொள்கின்றனர்.

உங்கள் ஊரின் எல்லைக்குள்ளும் ஓர் இல்லம் இருக்கலாம். அதில் நம்மவர் எத்தனை பேர் என்று இந்த வாரமே விசாரியுங்கள். முதுமையில் தனிமையின் வேதனையிலிருந்து அல்லாஹ் நம் பெற்றோரையும் நம்மையும் காத்தருள்வானாக. ஆமீன்.