அணிவகுப்பில் இடம் கிடைத்தது, அப்புறம்?

'பூட்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2025 அக்டோபரில் நெட்பிளிக்ஸில் வந்தது. மொத்தம் எட்டுப் பகுதிகள். நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். "ஆணை விரும்பும் ஆணைப் பட்டாளத்தில் காட்டுவது கலாசாரச் சீரழிவு" என்கிறது ஒரு கட்சி. "பையன் ஜெயித்துவிட்டான், முடிவு பிரமாதம்" என்கிறது மறு கட்சி. இரண்டு கட்சியோடும் நமக்கு வழக்கு உண்டு.

கதை இதுதான். 1990ஆம் வருஷம். காமரன் கோப் என்ற இளைஞன் நண்பனோடு மெரைன் படையில் சேருகிறான். அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன். அப்படிப்பட்டவருக்குப் படையில் இடமில்லை என்பது அன்றைய அமெரிக்க விதி. தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். மறைத்துக்கொண்டே அடியும் வசவும் தாங்கிக் கடைசியில் பயிற்சியை முடித்துவிடுகிறான். அவனைப் பழக்கிய சார்ஜெண்டும் அதே இயல்புள்ளவர். அவர் கழுத்தையோ விசாரணை இறுக்குகிறது. இந்தச் சமயத்தில் ஈராக் குவைத்துக்குள் புகுந்துவிட்டது என்ற செய்தி வருகிறது. அதோடு தொடர் முடிகிறது.

முதலில் கலாசாரக் கட்சிக்காரர்களுக்குச் சொல்கிறோம். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஹௌராவுக்கு ரயிலேறியவர்கள் நம்மில் இல்லையா? சாதி தெரிந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது என்று தெருப் பெயரை மாற்றிச் சொன்னவர்கள் இல்லையா? மறைத்து வாழ்வது எப்படிப்பட்ட வேதனை என்பது நமக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1999 ஜூலை 2ஆம் தேதி இதே கல்கத்தாவில் பதினைந்து பேர் இந்த உரிமைக்காகத் தெருவில் நடந்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதல் ஊர்வலம். மனமொத்த இருவரின் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் கிளம்பக் கூடாது என்று உத்தரவிட்டார். அதற்கு முன் தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள ஓர் உளவியலாளரிடம் தாமே போய் உட்கார்ந்தார். நீதிபதிக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

அணிவகுப்பில் அந்தப் பையன் நிமிர்ந்து நின்றபோது நமக்கும் சந்தோஷம்தான். அதை மறைக்கவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட பாத்திரத்தைச் சாகடிப்பார்கள் அல்லது கேலிப்பொருளாக்குவார்கள். இவன் பிழைத்தான்.

ஆனால் ஜெயித்தது யார்? விதி அப்படியே இருக்கிறது. பையன் உடுப்பை மாட்டிக்கொண்டு வாயையும் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எவன் மறைத்தானோ அவனுக்குப் பதக்கம், எவன் அகப்பட்டானோ அவனுக்குத் தண்டனை. இதற்குப் பெயர் வெற்றியா? அமெரிக்காவில் 1993இல் 'கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் கீழும் பதின்மூன்றாயிரம் பேருக்குக் குறையாமல் வெளியேற்றப்பட்டார்கள். 2011 செப்டம்பரில்தான் அது ஒழிந்தது. இந்தத் தொடரைக் கூட அமெரிக்க ராணுவத் தலைமையகம் குப்பை என்று வைதது. 2025 டிசம்பரில் இரண்டாம் பாகம் இல்லையென்று கம்பெனி கைவிரித்தது.

இன்னொன்று. இக்கதைக்கு மூலம் கிரெக் கோப் ஒயிட் எழுதிய சுயசரிதை. அவர் படையில் சேர்ந்தது 1979இல். தொடர் எடுத்தவர்கள் அதை 1990க்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் முடிவில் குவைத் வருகிறது. அவர்களுக்கு அது அடுத்த கட்டத்துக்கான பரபரப்பு. நமக்கு? 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதிக்குப் பிறகு, குவைத்தில் உழைத்துக்கொண்டிருந்த நம் நாட்டு மக்கள் சாமானைப் போட்டது போட்டபடி, சம்பள பாக்கியை விட்டுவிட்டுப் பாலைவனம் தாண்டி அம்மான் நகருக்கு ஓடினார்கள். 1,70,000 பேருக்கு மேல் விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார்கள். தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. கூலிக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பிய அந்தச் சண்டை, ஒரு தொடருக்குக் கடைசி மணியடிக்கும் சங்கதியா? எல்லோரோடும் சமமாகச் சாகும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு அதைச் சமத்துவம் என்று சொன்னால் நாம் ஏற்க முடியாது.

அமெரிக்காக்காரனைத் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. அலிப்பூரில் ராணுவ ஆஸ்பத்திரிச் சுவரோரம் தினம் நடக்கிற நமக்கு நம் பட்டாளத்தைப் பற்றியும் கேள்வி உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும், 2019 ஜனவரியில், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார் அன்றைய தளபதி விபின் ராவத். 1950ஆம் வருஷ ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' நடத்தைக்கு ஏழு வருஷம் வரை சிறை என்கிறது. மேஜர் ஜே. சுரேஷ் பட்டாளத்தை விட்டு வந்தபின் 2020இல் தம்மைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். அதைத் தழுவி டைரக்டர் ஓனிர் எழுதிய கதைக்கு 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி மறுத்தது. அமெரிக்காவில் படத்தை எடுத்த பின் வைதார்கள். இங்கே எடுக்கவே விடவில்லை.

இது யாரோ நாலு பேர் சங்கதி என்று ஒதுங்காதீர்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில் வெயிலில் ஓடுவது யார் வீட்டுப் பிள்ளை? ஏழை வீட்டுப் பிள்ளைதான். 2022இல் வந்த அக்னிபாத் திட்டம் நாலு வருஷ வேலை தந்தது. நாலில் ஒருவருக்கு மேல் நிரந்தரமில்லை, மற்றவர்க்குப் பென்ஷன் இல்லை என்றது. அப்படி அரைகுறையாகக் கிடைக்கும் வேலையையும், அவன் மனசு யாரை நாடுகிறது என்று பார்த்துப் பிடுங்கலாமா? வேலையை ஒழுங்காகச் செய்கிறானா என்பது ஒன்றுதான் முதலாளி கேட்கக்கூடிய கேள்வி. ரயில்வேயில் நாம் போராடிப் பெற்ற நியாயம் இது. சிப்பாய்க்கும் அதே நியாயம்தான்.

ஆகவே சொல்கிறோம்: 46ஆம் பிரிவிலிருந்து அந்தச் சொல்லை நீக்க வேண்டும். ஓனிரின் கதைக்கு அனுமதி கொடுக்க வேண்டும். இவை டில்லியிடம் நாம் கேட்பது. நம் வீடுகளிடம் கேட்பது அதைவிடச் சின்னது: பிள்ளை வாய் திறந்து சொல்ல வந்தால், அடிக்கக் கை ஓங்காமல் முதலில் உட்கார வைத்துக் கேளுங்கள்.